கூடத்துச் சுவரின் நிறம்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் புடவை எடுக்கப் போகும் பெண்கள், கடைக்குள் எரியும் விளக்கு வெளிச்சத்தை நம்பி ஒருபோதும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. மனத்துக்குப் பிடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படிவரை வந்து, பகல் வெளிச்சத்தில் முந்தானையை ஒருமுறையும் கரையை ஒருமுறையும் திருப்பிப் பார்த்த பிறகே, "சரி, இதைக் கட்டிவிடுங்கள்" என்பார்கள். பன்னிரண்டு முழத் துணிக்கு இத்தனை ஜாக்கிரதை காட்டுகிற நாம், பல ஆண்டுக் காலம் காலையும் மாலையும் கண்ணெதிரே நிற்கப்போகிற கூடத்துச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது மட்டும், தீப்பெட்டி அளவேயுள்ள ஒரு வர்ண அட்டையை டியூப்லைட்டின் அடியில் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடுகிறோம்.

சென்ற ஆடி மாதத்தில் கரமனையில் உள்ள ஒரு நண்பர், புதிதாக வர்ணம் பூசிய தம் வீட்டுக் கூடத்தைப் பார்க்க என்னை அழைத்திருந்தார். ஆரவாரமில்லாத, மனத்துக்கு இதமான ஒரு நிறம் வேண்டும் என்று நெடுநாள் யோசித்து, நீலச் சாயல் சிறிதே கலந்த சாம்பல் வெள்ளையை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னலுக்கு அப்பால் வாழையும் பலாவும் நனைந்து தழைத்து நின்றன. உள்ளே சுவரோ, பல நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் முகம்போல வெளிறிப் பச்சைபாரித்துக் கிடந்தது. "கடையிலே பார்த்தபோது இப்படி இல்லையே, ஸார்! பெயிண்டர் வேறு டப்பாவை மாற்றிவிட்டானோ?" என்று அவர் வருத்தப்பட்டார். பெயிண்டர்மீது குற்றமில்லை. அந்த அறைக்குள் வந்துகொண்டிருந்த வெளிச்சத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

வெள்ளை, சாம்பல், கறுப்பு ஆகிய மூன்றும் பௌதிக சாஸ்திரத்தின்படி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தம்மேல் விழும் கிரணங்களில் சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் எவ்விதப் பட்சபாதமும் காட்டாமல் எல்லாவற்றையும் சமபங்காகத் திருப்பி அனுப்புவதே இவற்றின் சுபாவம். புதிதாக அடித்த வெள்ளைச் சுவர் விழுந்த ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும், நடுத்தரச் சாம்பல் ஐந்தில் ஒரு பங்கைத் தரும், கறுப்பு மிகச் சொற்பமே தரும், அவ்வளவுதான் வேற்றுமை. தந்தம், மணல், சந்தனம், ஓலை, காவி கலந்த வெள்ளை என்று நாம் அமைதியான நிறங்களாகக் கருதுபவை எல்லாம் இந்தச் சமநிலையிலிருந்து ஓரிரு படி மட்டுமே விலகியவை. ஆழ்ந்த சிவப்புச் சுவர் எந்த வெளிச்சத்திலும் தான் சிவப்பு என்பதை விட்டுக்கொடுக்காது. சமநிலை வர்ணமோ தனக்கென்று பிடிவாதமான குணம் இல்லாமையால், வந்த ஒளியின் சாயலை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஆகவே, எளிது என்று எல்லோரும் நினைக்கிற சாந்த வர்ணங்களே தேர்ந்தெடுப்பதற்கு மிகக் கடினமானவை என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஊரின் வெளிச்சத்தைச் சிறிது கவனியுங்கள். இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியிலிருந்து சிவப்பையும் நீலத்தையும் பெரிதும் உண்டுவிட்டு, எஞ்சிய பச்சையைத் திருப்பி விடுகிறது. தோட்டத்தை ஒட்டிய ஜன்னல் வழியே நம் கூடத்துக்குள் நுழைவது இவ்வாறு இலைகளில் பட்டும் இலைகளை ஊடுருவியும் வந்த ஒளியே. நீலச் சாயலுள்ள சாம்பல் சுவரில் இது படும்போது, சிவப்பு இரு புறத்திலும் குறைந்துபோகிறது: ஒளியிலும் இல்லை, சுவரும் அதைத் தரவில்லை. அந்த அறையில் உட்காருகிற மனிதரின் முகத்திலிருந்துகூட உயிர்க்களை வாங்கிவிடும் தன்மை அந்தக் கூட்டுக்கு உண்டு.

அட்டையில் மெல்லியதாகத் தோன்றிய சாயல் சுவரில் ஏன் பெருகிக் காட்டுகிறது என்பதற்கும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு வர்ணம் பச்சை ஒளியில் 100-க்கு 80 பங்கையும், சிவப்பு ஒளியில் 100-க்கு 70 பங்கையும் திருப்பித் தருவதாக வைத்துக்கொள்வோம். அட்டையைப் பார்க்கும்போது ஒளி ஒரே ஒரு தடவை அதில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது. ஆகையால் வேற்றுமை 80-க்கு 70 மட்டுமே. நான்கு சுவர்களும் அதே வர்ணமாகிவிட்டாலோ, ஒளி ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கும் அங்கிருந்து மூன்றாவதற்கும் தாவித் தாவி வருகிறது. மூன்று தடவை பட்டு வருவதற்குள் பச்சை 51 ஆகவும் சிவப்பு 34 ஆகவும் தேய்ந்துவிடுகிறது. அட்டையில் எட்டில் ஒரு பங்காக இருந்த வித்தியாசம் அறையில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது! எந்த நிறம் மனத்துக்கு உகந்ததோ, அட்டையில் அதற்கு ஒரு படி வெளுத்ததை எடுப்பதே புத்திசாலித்தனம் என்று பழகிய வர்ணக்காரர்கள் சொல்வது இக்காரணம் பற்றியே.

வடக்கு நோக்கிய அறைக்குக் குளிர்ந்த, மாறாத வெளிச்சம் வரும், ஆதலால் அங்கே உஷ்ணமான நிறம் பூசுக என்று மேனாட்டுப் புத்தகங்கள் விதிக்கின்றன. அந்த விதி லண்டனுக்கும் பாரிஸுக்கும் பொருந்தும். பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் உள்ள திருவனந்தபுரத்தில், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், ஏறத்தாழச் சித்திரை விஷுவை ஒட்டி, உச்சிப் பொழுதில் சூரியன் தலைக்கு நேர்மேலே நின்று, பிறகு ஆகஸ்டு கடைசிவரையில் வானத்தின் வடபாதியிலேயே சஞ்சரிக்கிறான். நான்கரை மாத காலம் வடக்கு ஜன்னலே வெயில் ஜன்னல். மற்ற மாதங்களில் தெற்கு ஜன்னல். நடுவே இரண்டு பருவமழைகளும் வந்து வானத்தைச் சாம்பல் திரையால் மூடிவிடுகின்றன. ஒரே கூடம் ஓர் ஆண்டுக்குள் இத்தனை வெளிச்சங்களைக் காண்கிற ஊரில், இரவல் விதி உதவாது.

கண்ணின் செயலும் இதில் சேர்ந்துகொள்கிறது. பாரிஸில் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பகுதிக்கு 1824-இல் தலைவரான மிஷேல் ஷெவ்ரல் என்ற ரசாயன அறிஞரிடம், கறுப்பு நூலுக்குச் சாயம் சரியாக ஏறவில்லை என்று முறையீடு வந்தது. அவர் நூலைப் பரிசோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை ஒன்றுமில்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீல, ஊதா நூல்களே கண்ணை மயக்கிக் கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டு, பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த் திசையில் தள்ளிக் காட்டும் இந்த நியமத்தை விரிவாக ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். கருந்தேக்கு நாற்காலிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இன்னும் வெளுப்பதும், சிவப்புத் தரையை ஒட்டிய சாம்பல் சுவர் அடிப்பாகத்தில் பசுமை காட்டுவதும் இந்த நியமத்தின் விளைவே.

இனி, வெள்ளையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இந்த நகரத்துக்கும் வெள்ளைக்கும் உள்ள சம்பந்தம் அபூர்வமானது.

நம் பாட்டனார் காலத்து வெள்ளை, கிளிஞ்சல் சுண்ணாம்பு. வேம்பநாட்டுக் காயல் போன்ற நீர்நிலைகளில் வாரிய சிப்பிகளைச் சூளையில் சுட்டு, நீற்றி, வடிகட்டி, மட்டைப் பிரஷ்ஷால் அடிப்பார்கள். அடித்தவுடன் பார்த்தால் அடித்ததாகவே தெரியாது, அனுபவமில்லாத வீட்டுக்காரர், "என்ன மேஸ்திரி, தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போகிறீர்?" என்று சண்டைக்கு வந்துவிடுவார். அரை மணி நேரம் அருகில் நின்று பார்த்தால் அந்த மங்கலான ஈரம் ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வருவதைக் காணலாம். ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவுக்கு வேறுபடுகிறதோ அவ்வளவுக்குச் சிதறுகிறது. சுண்ணாம்புத் துகளின் எண் சுமார் 1.6, தண்ணீருக்கு 1.33; காற்றுக்கு 1. துகள்களின் இடைவெளியில் நீர் நிரம்பியிருக்கும்வரை ஒளி அதிகம் சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. நீர் வற்றிக் காற்று புகுந்ததும் எல்லாப் பக்கமும் சிதறி வெண்மை பிறக்கிறது. வெள்ளை என்பது ஒரு சாயமே இல்லை, எண்ணற்ற சின்னஞ்சிறு எல்லைகளில் ஒளி உடைந்து திரும்புவதன் பெயர் என்பதை இதைவிடக் கண்கூடாகக் காட்டும் சோதனை வேறில்லை. அந்தச் சுண்ணாம்பில் பழையவர்கள் ஒரு சிட்டிகை நீலம் கரைப்பார்கள். இயல்பான லேசான மஞ்சளை நீலம் உறிஞ்சிவிட, பிரகாசம் ஓர் அணு குறைந்தாலும் சுவர் முன்னினும் வெளுத்ததாகக் கண் நம்பிவிடும். மேஸ்திரியின் கை தாராளமாகிவிட்டாலோ, என் கரமனை நண்பரின் கூடம்தான்!

இக்காலத்து வெள்ளை டைட்டேனியம் டை ஆக்ஸைடு. அதன் ஒளிவிலகல் எண் படிகத்தின் வகைக்கேற்ப 2.5-இலிருந்து 2.7 வரை; எண்ணெயிலோ பசையிலோ மூழ்கியிருந்தாலும் இத்தனை பெரிய வித்தியாசம் குறையாததால்தான், ஈரமாக இருக்கும்போதே அது வெள்ளையாக மறைக்கிறது. இந்த வெண்பொடிக்கு மூலப்பொருள் எது தெரியுமா? மணவாளக்குறிச்சியிலும் சவறாவிலும் கடற்கரையில் அலை ஒதுக்குகிற கன்னங்கரிய மணல்! 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனஸைட்டைக் கண்டதிலிருந்து இந்தக் கரையின் கனிமணல் உலகப் பிரசித்தி பெற்றது என்பர். அதே மணலிலுள்ள கறுப்புக் கனியான இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் பிராணவாயுவும் சேர்ந்த கூட்டு. நகரத்தின் மேற்கோரத்தில் கொச்சுவேளியில் 1946-இல் ஸ்தாபிக்கப்பட்ட திருவிதாங்கூர் டைட்டேனியம் தொழிற்சாலை இந்த மணலைக் கந்தகத் திராவகத்தில் கரைத்து, இரும்பை அன்னபேதியாகப் பிரித்தெடுத்து, எஞ்சியதைச் சுட்டு வெண்பொடியாக்குகிறது. கறுப்பிலிருந்து இரும்பு நீங்கினால் வெள்ளை.

இரும்பு நீங்காமல் இருந்தால்? இந்த நாட்டு வீட்டின் மற்ற நிறங்களெல்லாம் அப்போது பிறக்கின்றன. மலையாளத்தில் வெட்டுக்கல் என்றும் தமிழில் செம்புரைக்கல் என்றும் வழங்கும் கல்லை, அங்காடிப்புறத்தில் கண்டு 1807-இல் லாட்டரைட் என்று பெயர் சூட்டியவர் பிரான்ஸிஸ் புக்கானன். 'லேட்டர்' என்ற லத்தீன் சொல்லுக்குச் செங்கல் என்று பொருள். யுகயுகமாகப் பெய்த மழை பாறையிலிருந்து கரையக்கூடியவற்றையெல்லாம் கரைத்துக் கொண்டுபோய்விட, கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கியதே அந்தக் கல். இரும்பு நீரோடு சேர்ந்திருந்தால் மஞ்சள் காவி. நீர் நீங்கினால் செங்காவி. களிமண்ணைச் சூளையில் சுடும்போது காற்று நன்றாகப் புகுந்தால் செங்கல் சிவக்கும். காற்று குறைந்தால் கறுக்கும். பழைய வீடுகளின் சிவப்புத் தரை, சிமெண்டில் கலந்த இரும்பு ஆக்ஸைடு. சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் கறுப்பும் இங்கே ஒரே தாயின் மக்கள். அதனால்தான் இவற்றில் எந்த இரண்டைப் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்கு உறுத்துவதில்லை என்று எண்ணுகிறேன்.

இந்த உண்மையை நன்கு உணர்ந்து கட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் பர்மிங்ஹாமில் பிறந்து, 1945-இல் குஷ்டரோகிகளுக்குத் தொண்டு செய்ய இந்தியா வந்து, பிற்காலத்தில் திருவனந்தபுரத்தையே தம் ஊராக்கிக்கொண்டு, 2007-இல் நாலாஞ்சிறையில் தம் வீட்டிலேயே காலமான அந்த மகான், செங்கல்லுக்கு மேல் சாந்து பூசி அதற்கு மேல் வர்ணம் அடிப்பதை வீண் செலவென்றும் பொய்யென்றும் கருதினார். 1970-களின் தொடக்கத்தில் உள்ளூர் என்னும் பகுதியில் வளர்ச்சி ஆராய்ச்சி மையத்துக்காக அவர் எழுப்பிய கட்டடங்களின் சுவரருகே போய் நின்று பாருங்கள். தூரத்தில் ஒரே செம்பழுப்பாகத் தெரிந்தது, அருகில் வந்ததும், சூளையில் நடுவில் வெந்த கல் ஒரு நிறம், ஓரத்தில் வெந்தது ஒரு நிறம், தீநாக்கு பட்ட முனையில் கருநீலம் என்று நூறு சாயல்களாகப் பிரிகிறது. ஈர விரலை ஒரு கல்லின்மேல் வைத்து எடுத்தால் அந்த இடம் கறுத்து, காற்றில் உலர்ந்து மீண்டும் பழைய நிறத்துக்கு வருகிறது. சுண்ணாம்பில் கண்ட அதே ஒளிவிலகல் விளையாட்டு. துளைச் சுவர்களின் வழியே வரும் வெயில் தரையில் துண்டு துண்டாக விழுந்து நகருகிறது. அத்தனையும் இருந்தும் அங்கே உட்கார்ந்தால் மனம் அடங்குகிறது.

ஏன் அடங்குகிறது? 1760-இல் லாம்பெர்ட் வகுத்த நியமப்படி, சொரசொரப்பான பரப்பு தன்மேல் பட்ட ஒளியை எல்லாத் திசையிலும் பரப்பிவிடுகிறது. எங்கிருந்து பார்த்தாலும் அதன் பிரகாசம் ஏறக்குறைய ஒன்றே. பளபளக்கும் எனாமல் சுவரோ கண்ணாடிபோல ஜன்னலின் பிம்பத்தையும் விளக்கின் பிம்பத்தையும் பிடித்துக் காட்டுகிறது. நாம் தலையை அசைக்கும்போதெல்லாம் அந்த ஒளிப்பொட்டும் அசைந்து, கவனத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. நேர்மாறாக, முற்றிலும் வழவழப்பான ஒரே நிறப் பரப்பில் கண் பற்றிக்கொள்ள ஏதும் இல்லாமல் சோர்கிறது. செங்கல்லின் சந்துகளில் படிந்த மெல்லிய நிழல், பிரஷ்ஷின் தடம் தெரியும் சுண்ணாம்பு, இவை இரண்டுக்கும் நடுவானவை. நிறம் அடங்கியிருக்கும்போது சுவரின் தளதளப்பையும் முரட்டுத்தன்மையையும் ஒளியே வரைந்து காட்டுகிறது. அமைதியான அறைக்கு வர்ணத்தைக் காட்டிலும் பரப்பின் குணமே முக்கியம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள் அங்குள்ள கருந்தரையை மறக்கமாட்டார்கள். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்து இழைத்தது என்று சொல்லப்படுகிறது. தாழ்ந்த இறவாரம் உள்ள மலையாள நாட்டு வீட்டில் வானம் நேரே தெரிவதில்லை. வெளிமுற்றத்தில் பட்டுத் தெறிக்கும் வெயில்தான் கீழிருந்து உள்ளே வருகிறது. அந்த இடத்தில் வெள்ளைப் பளிங்குத் தரை இருந்தால் கண் கூசும். கருந்தரை அந்தத் தெறிப்பை விழுங்கிவிடுகிறது. இன்றைய வீடுகளில் பளபளப்பான வெள்ளை ஓடு பதிக்கும் வழக்கத்தை இதனாலேயே நான் ஆதரிக்கவில்லை. பதித்தாகிவிட்டதென்றால், பத்தமடைப் பாயோ கயிற்று விரிப்போ ஒன்று அதைப் பாதி மூடட்டும். மழை நாளில் ஓட்டுக்கூரை எழுப்பும் இரைச்சலையும் நாரும் பருத்தியும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும்.

துணியில் சாந்த வர்ணத்துக்கு உதாரணம் தேட நகரத்திலிருந்து கன்னியாகுமரிச் சாலையில் சில மைல் போனால் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராம வர்ம மகாராஜா தமிழ் நாட்டுப் பக்கத்திலிருந்து சாலிய நெசவாளர்களை வரவழைத்துக் குடியேற்றிய பாலராமபுரத்தில், குழித்தறியில் நெய்யும் கசவு வேட்டியின் நிறம் வெளுக்காத பருத்தியின் இயற்கை நிறம். அந்த மங்கல் மஞ்சள் பஞ்சிலேயே இருப்பது. கடையில் கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் துணிகளில் பலவற்றில், கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கிரணத்தை உண்டு நீல ஒளியாக உமிழும் ரசாயனம் சேர்ந்திருக்கிறது. புறஊதா அநேகமாக இல்லாத எல்.இ.டி. விளக்கின் கீழ் அந்த வெண்மையின் மிடுக்கு மங்கிவிடும். கசவு வேட்டியின் நிறத்துக்கு அத்தகைய நாடகம் இல்லை. திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்கும் இதைவிடப் பொருத்தமான நிறம் நான் கண்டதில்லை.

நீலம் சாந்தி தரும், சிவப்பு கோபம் தரும் என்று அட்டவணை போட்டுச் சொல்பவர்களை நம்பிவிட வேண்டாம். 1979-இல் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்துக் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு வெளிர் சிவப்புப் பூசிக் கைதிகளின் மூர்க்கம் தணிந்ததென்று பெரிதாகப் பேசப்பட்டது. பின்வந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. 1994-இல் வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனத்தின் கிளர்ச்சியும் இன்பமும் நிறத்தின் பெயரைவிட அதன் அடர்த்தியையும் பிரகாசத்தையுமே பெரிதும் பொறுத்திருப்பதாகக் காணப்பட்டது. அடர்த்தி குறைந்தால் கிளர்ச்சி குறையும். அந்த நிறம் காவியாக இருந்தாலும் சரி, பச்சையாக இருந்தாலும் சரி.

ஆகவே திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும், மரமும் மழையும் சூழ்ந்த எந்த ஊருக்கும் என் தீர்ப்பு இது: நீலச் சாயலை விலக்குங்கள், மஞ்சள் காவியோ செங்காவியோ மிகமிகச் சிறிது கலந்த, பளபளப்பில்லாத வெள்ளையை எடுங்கள், இலைகள் பிடுங்கிக்கொண்ட சிவப்பை அந்தத் துளி இரும்பு திருப்பிக் கொடுக்கும். ஒரு சுவராவது செங்கல்லாகவோ வெட்டுக்கல்லாகவோ திறந்து நிற்குமானால் மிக நல்லது. வர்ணக் கடைக்குப் போய் முழு டப்பா வாங்குமுன், சிறு டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிச் சதுரமுள்ள பலகையில் இரு கை அடித்துக் கூடத்தில் வையுங்கள். ஒரு நாள் ஜன்னலுக்கு எதிரிலும் ஒரு நாள் ஜன்னலை ஒட்டியும் நிறுத்தி, காலையிலும் உச்சியிலும் விளக்கு வைத்த பிறகும் பாருங்கள். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். அந்த வாரத்தில் ஒரு நாளாவது மழை பெய்யட்டும்.